போதகரை அளக்கும் கோல்: ‘டிடாக்கே’ நூல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கிறிஸ்தவத் திருச்சபை தோன்றிய காலந்தொட்டே மெய்ப்போதகரையும் பொய்ப்போதகரையும் பிரித்தறிவது அதற்கு ஒரு சிக்கலாக இருந்து வந்துள்ளது. இச்சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வு காண முயன்ற தொன்மையான நூல் ‘டிடாக்கே’ ஆகும். பன்னிரு திருத்தூதர் போதனை எனவும் வழங்கும் இக்கிரேக்கச் சிறுநூல் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ தோன்றியது என்பர் அறிஞர் பலர். 1056-இல் படியெடுக்கப்பட்ட இதன் சுவடியை 1873-இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் கண்டறிந்த பிலோத்தியோஸ் பிரையெனியோஸ், 1883-இல் பதிப்பித்தார். இந்நூல் வகுக்கும் சோதனைகளின் வலிமையையும் எல்லையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளமும் போலியும்

முதற்கண் சொல்லாட்சியைக் கருதலாம். தமிழ்ப் புரொட்டஸ்டண்டு விவிலிய மரபு ‘கள்ளப்போதகர்’ என்னும் சொல்லை ஆள்கின்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமோ ‘போலி’ என்னும் சொல்லை விரும்புகின்றது. கள்ளம் உள்ளத்தின் வஞ்சனையைச் சுட்டுவது. போலி புறத்தோற்றத்தின் ஒப்புமையைச் சுட்டுவது. இலக்கணத்தில் பந்தல் என்பது பந்தர் என நின்றாலும் பொருள் திரிவதில்லை. அதனையே போலி என்கிறோம். ஆனால் போதகரிடத்துப் போலி புகுந்தால் பொருளே திரிந்துவிடும். உள்ளத்துக் கள்ளத்தை மனிதர் காண இயலாது. ஆகவே புறத்தே காணக்கூடிய அடையாளம் எது என்னும் வினா எழுகின்றது. டிடாக்கே இவ்வினாவிற்கே விடை கூறுகின்றது.

நூல் வகுக்கும் சோதனைகள்

ஊர் ஊராகச் செல்லும் திருத்தூதரை ஆண்டவரை வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும் என்று நூல் பணிக்கின்றது. எனினும் அவர் ஒரு நாள், தேவையாயின் இரு நாள் மட்டுமே தங்கலாம். மூன்றாம் நாளும் தங்குபவர் பொய்யர். விடைபெறும்போது அடுத்த தங்கிடம்வரைக்குமான உணவேயன்றி வேறெதனையும் பெறலாகாது. பணம் கேட்பவரும் பொய்யரே. ஆவியின் ஏவலால் விருந்து வைக்கச் சொல்லிவிட்டுத் தாமே அதனை உண்பவரும், உண்மையைப் போதித்தும் அதன்படி ஒழுகாதவரும் அவ்வாறே கருதப்படுவர். வந்தேறிய கிறிஸ்தவர் ஊரிலேயே குடியிருக்க விரும்பினால் தம் தொழிலைச் செய்து உண்ண வேண்டும். மறுப்பவரைக் கிறிஸ்துவின் பெயரால் வணிகம் செய்பவர் என நூல் இடித்துரைக்கின்றது.

இச்சோதனைகளின் சிறப்பு அவற்றின் எளிமையாகும். இறையியல் கல்லாத உழவரும் கைவினைஞரும்கூட நாளை எண்ணலாம்; கேட்ட பொருளைக் கணக்கிடலாம். அவ்வகையில், போதகரை மதிப்பிடும் உரிமையைக் கற்றோரிடமிருந்து முழுச் சபைக்கும் இந்நூல் வழங்கியுள்ளது எனலாம்.

எல்லைகள்

எனினும் நூலுக்குள்ளேயே ஒரு முரண் காணப்படுகின்றது. ஆவியில் பேசும் இறைவாக்கினரைச் சோதிப்பது மன்னிக்கப்படாத பாவம் என்றும் அது கூறுகின்றது. பேச்சைச் சோதியாதே, ஒழுக்கத்தைச் சோதி என்பதே இதன் கருத்தாகலாம். ஆயினும் தம்மைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக நிறுவ விழையும் ஒருவருக்கு இவ்விதி நல்ல கேடயமாகும். இதற்கு மாறாக, யோவானின் முதல் திருமுகம் எல்லா ஆவிகளையும் சோதித்தறியுமாறு பணிக்கின்றது. 1978-இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 900-க்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமை, தலைவரின் சொல்லைச் சோதிக்கும் வழிகள் அடைபட்ட சமூகத்தின் முடிவைக் காட்டுகின்றது.

இரண்டாவது எல்லை பணம் பற்றியது. பிறர் தேவைக்காகப் பணம் கேட்பவரை எவரும் தீர்ப்பிடலாகாது என்கிறது நூல். அறத்தின்பாற்பட்ட இவ்விதிவிலக்கு இன்று போதுமானதன்று. சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் திருச்சபை வழக்கில், ஏறத்தாழ 5 கோடி வெள்ளி சபை நிதியை முறைகேடாகக் கையாண்டமைக்காக அறுவர் 2015-இல் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டனர். 2017-இல் தண்டனையைக் குறைத்த உயர்நீதிமன்றம், அவர்கள் தனிப்பட்ட ஆதாயம் தேடவில்லை என்பதைக் கருத்திற்கொண்டது. நீதிமன்றம் ஆராய்ந்தது நிதியை, போதனையையன்று. ஆயினும் தனக்கெனக் கேளாமை மட்டுமே நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது என்பது இதனால் பெறப்படும். வழிப்போக்கரான போதகருக்கு வகுத்த விதி, கட்டடமும் கணக்கும் உடைய நிறுவனத்தை அளக்கப் போதாது.

முடிவுரை

டிடாக்கே தன் இறுதிப் பகுதியில் இக்குறைக்கு ஒரு வழியையும் சுட்டுகின்றது. பண ஆசையற்ற, சாந்தமுள்ள, சோதித்தறியப்பட்ட கண்காணிப்பாளர்களையும் திருத்தொண்டர்களையும் சபையாரே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் அறிவுரை. அதாவது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உடைய சபைக்கே வினவும் பொறுப்பும் உண்டு. வரவேற்பில் தாராளமும் நம்பிக்கையில் விழிப்பும் ஒருங்கே வேண்டும் என்பதே இந்நூல் இன்றைய சபைகளுக்கு விட்டுச்சென்ற பாடம். வினவுவதை நம்பிக்கைக் குறைவாகக் கருதும் சபையில், கோல் இருந்தும் அளப்பார் இலர்.