வரால் தூண்டில்

அகத்தியமலையில் பிறந்து, நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாறில் கடல் சேரும் நெய்யாறு பெரிய ஆறல்ல. அதன் கரையிலும் பாறசாலைப் பக்கத்துக் குளங்களிலும் வராலுக்குப் போடும் தூண்டில் எனக்குப் பெரிய விஷயம். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, ஒரு முள். நுட்பமெல்லாம் இரையில். தவளையின் உயிர் போகாமல் முள்ளில் கோத்து, தாமரையிலைகளின் இடைவெளியில் துள்ளவிட வேண்டும். வராலுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டும். அந்தக் குமிழிதான் தடயம். கவ்வியதும் வெடுக்கென்று இழுத்தால் போச்சு! விழுங்கும்வரை நரம்பைத் தளர்த்திக் கொடுக்கும் அந்தக் கையை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பேன். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் வராலை மட்டும் விட்டுவிடுங்கள். அதைத் தூக்கினால், மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.