கேவி பெருக்கல் வோல்ட்: பாதியில் நிற்கும் ஒரு கணக்கு

ஆர்.சி. படகு செய்வது எப்படி என்று சொல்லும் வீடியோவோ கட்டுரையோ எதைத் திறந்தாலும் முதல் 5 நிமிஷத்துக்குள் ஒரு சூத்திரம் வந்துவிடும். மோட்டாரின் கேவி எண்ணை பேட்டரியின் வோல்ட்டால் பெருக்கு, ஆர்பிஎம் கிடைக்கும். 2000 கேவி, 11.1 வோல்ட், 22,200 சுற்று. அப்புறம் ஒரு அட்டவணை. இத்தனை சுற்றுக்குள் இருந்தால் நல்லது, 30,000 தாண்டினால் ஆபத்து. கடைசியில் ஒரு வரி: "வேகம் பத்தலையா, ஒரு செல் கூட்டிக்கோங்க."

இந்தச் சூத்திரம் தப்பு இல்லை. ஆனால் அது தண்ணீரில் இறங்காத படகுக்கான சூத்திரம். கேவி என்பது சுமையே இல்லாமல் மோட்டார் சும்மா சுற்றும்போது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்கிற எண். படகு தண்ணீரில் இறங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை ஆம்பியர் இழுக்கும்? அதைப் பற்றி இந்த வழிகாட்டிகள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. என் புகார் அதுதான்.

புகாருக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற பக்கம் ஒரு ஏரி. அதில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், மண் எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் படகு செய்து தருகிறேன் என்றான். 80 செ.மீ. நீளம், ஆழமானியோடு சேர்த்து 4 கிலோ எடை, 540 மோட்டார், 40 மி.மீ. ப்ரொபெல்லர், இரண்டு செல் லித்தியம் பேட்டரி, அதாவது 7.4 வோல்ட். நன்றாகவே போனது. மீட்டரில் 5 ஆம்பியர். கரையோரம் இரண்டு குச்சி நட்டு 20 மீட்டர் தூரத்துக்கு நேரம் எடுத்தோம். 17 நொடி.

பையனுக்கு அது போதவில்லை. வீடியோ பார்த்து ஒரு செல் கூட்டிவிட்டான். 11.1 வோல்ட்.

இப்போது அந்தச் சூத்திரம் சொல்லாத கணக்கைப் பார்ப்போம். ப்ரொபெல்லரைச் சுற்றத் தேவையான முறுக்கு விசை சுற்று வேகத்தின் வர்க்கமாக ஏறும். மோட்டாரில் முறுக்கு விசையும் ஆம்பியரும் சேர்ந்தே ஏறும். வோல்ட்டை ஒன்றரை மடங்கு ஆக்கினால் வேகமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஆம்பியர் இரண்டேகால் மடங்கு, வாட் மூன்றே கால் மடங்குக்கும் மேல். சுருளின் மின்தடையால் வேகம் முழுசாக ஒன்றரை மடங்கு ஏறாது, அதனால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். எங்கள் மீட்டர் 10.5 ஆம்பியர் காட்டியது. சுருளில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கம் என்பதால் அது மட்டும் 4.4 மடங்கு.

இவ்வளவு கொடுத்து வாங்கியது என்ன? அதே 20 மீட்டர் 14 நொடி. மூணு மடங்கு பவர், 20 சதவீதம் வேகம்.

இதற்குக் காரணம் மோட்டார் இல்லை, படகின் நீளம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகு தன் அலையைத் தானே முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.25 ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை மீட்டர் வரை சுலபமாகப் போகும் என்று தெரியும். 80 செ.மீ. படகுக்கு அது 1.1 மீட்டர் சுமார், மணிக்கு 4 கிலோமீட்டர். நாங்கள் 7.4 வோல்ட்டிலேயே அதைத் தொட்டுவிட்டோம். அதற்கு மேல் கொட்டிய ஒவ்வொரு வாட்டும் அலையாகப் போனது. தண்ணீர் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும் தட்டை அடிப் படகுகளுக்கு இந்த வரம்பு கிடையாது. வீடியோக்காரர்கள் ஓட்டுவது அந்த ரகம். பார்க்கிறவன் செய்வது வேறு ரகம். இந்த வித்தியாசத்தை ஒருத்தராவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். 10.5 ஆம்பியரில் மோட்டார் எரியவில்லை. கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி ப்ரொபெல்லரில் கொடி சுற்றிக்கொண்டது. மோட்டார் நின்றால் எதிர் மின்னியக்கு விசை இருக்காது. சுருளின் மின்தடை மட்டும்தான் தடுப்பு. அந்த மோட்டார் நின்ற நிலையில் 7.2 வோல்ட்டிலேயே 70 ஆம்பியர் இழுக்கக்கூடியது. பேட்டரி அவ்வளவு தராதுதான், ஆனால் தந்தவரைக்கும் போதுமானதாக இருந்தது. முதலில் போனது இஎஸ்சி. மெலிதாகப் புகை, அப்புறம் படகு அப்படியே நின்றுவிட்டது.

பையன் சட்டையைக் கழற்றிவிட்டான். "அண்ணா, நான் நீந்தி எடுத்துட்டு வந்துடறேன்." ப்ரொபெல்லரையே பிடித்து நிறுத்திய கொடி அந்த ஏரி முழுக்க இருக்கிறது. அவன் கையை நான் பிடித்த பிடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. லாரி டியூபில் மிதந்து மீன் பிடிப்பவர் ஒருவர் சாயங்காலம் வந்து எடுத்துக்கொடுத்தார். அதுவரை மூணு மணி நேரம் அவனை விட்டு நான் நகரவில்லை. "ஒரு செல் கூட்டிக்கோங்க" என்பதை வெறும் பொழுதுபோக்கு ஆலோசனையாக அதற்குப் பிறகு என்னால் கேட்க முடியவில்லை.

இன்னொரு விஷயம், 540 என்கிற பெயர். கடையில் "540 மோட்டார், 12 வோல்ட்" என்று சொல்லி விற்கிறார்கள். 540 என்பது டப்பாவின் அளவு. உள்ளே என்ன சுருள் என்று அது சொல்லாது. மபூச்சியின் ஆர்எஸ்-540எஸ்எச் மோட்டாரில் கடைசியில் 6527 என்று ஒரு எண் வரும். 0.65 மி.மீ. கம்பி, 27 சுற்று என்று அர்த்தம். 7.2 வோல்ட்டில் சுமையில்லாமல் 23,400 சுற்று, நல்ல திறனோடு ஓடும் இடம் 13 ஆம்பியர் அருகே, அங்கே வெளியே வருவது 63 வாட். உள்ளே போவது 93 வாட்டுக்குக் கொஞ்சம் மேல், ஆகவே மூணில் ஒரு பங்கு சூடு. மோட்டாரைப் பொருத்த இந்த ஒரு பத்தி தகவல் போதும். ஆனால் நம்ம ஊருக்கு வரும் பெயரில்லா மோட்டார்களில் அந்த நாலு இலக்கம் இருக்காது, 12 வோல்ட் என்பது மட்டும் இருக்கும். அதே டப்பா, வேறு சுருள்.

எதிர்க்கட்சியையும் விடக்கூடாது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "கேவியைக் குறை, வோல்ட்டைக் கூட்டு, ஆம்பியர் பாதியாகும், சூடும் குறையும்" என்பார்கள். நானே இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இதுவும் பாதிதான் உண்மை. கேவியைப் பாதியாக்க சுருளின் சுற்றை இரட்டிப்பாக்க வேண்டும். அதே டப்பாவுக்குள் இரண்டு மடங்கு சுற்று என்றால் கம்பி பாதி குறுக்களவு, நீளம் இரண்டு மடங்கு, ஆகவே மின்தடை 4 மடங்கு. ஆம்பியர் பாதியானாலும் சுருளில் உண்டாகும் சூடு மாறாது. 4 செல்லை இரண்டிரண்டாக இணைத்தாலும் வரிசையாக இணைத்தாலும் பேட்டரிக்குள் சூடு அதேதான். லாபம் ஒயரிலும் கனெக்டரிலும் இஎஸ்சியிலும் மட்டும். 500 வாட் பந்தயப் படகில் அது பெரிய விஷயம். 37 வாட் படகில் அதற்காகப் புது மோட்டார் வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

வோல்ட்டைக் கூட்டியே ஆக வேண்டுமென்றால் கை வைக்க வேண்டியது ப்ரொபெல்லரில். பவர், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு. 30 மி.மீ. இடத்தில் 35 மி.மீ. மாட்டினால் அதே சுற்றில் இரண்டு மடங்குக்கு மேல் பவர் கேட்கும். மறுபக்கமாக, 7.4 இலிருந்து 11.1க்குப் போய் அதே பவரில் நிற்க 40 மி.மீ. ப்ரொபெல்லரை 31 ஆக்க வேண்டும். 4 கிலோ படகைத் தள்ள அது சின்னது, தண்ணீரைக் கடைந்துகொண்டிருக்கும். ஆக எங்கள் படகுக்கு முதலில் போட்டிருந்ததே சரி.

பெரிய படகு கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்குகிறார்கள். கேரளத்தில் வைக்கம்-தவணக்கடவு இடையே 2017 ஜனவரியிலிருந்து ஓடும் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு போகிறது. அதற்கு இரண்டு 20 கிலோவாட் மோட்டார் போதுமாக இருக்கிறது. ஒரு காரில் இதைவிடப் பெரிய எஞ்சின் இருக்கும். ஒல்லியான இரட்டை அடிக்கட்டு, நிதானமான வேகம் என்று முதலில் முடிவு செய்ததால் அது சாத்தியமானது. படகுக்கு என்ன தேவை, அதற்கு எந்த ப்ரொபெல்லர், அதற்கு எத்தனை சுற்று, கடைசியில்தான் மோட்டாரும் பேட்டரியும். நம்ம வழிகாட்டிகள் கையில் இருக்கும் மோட்டாரிலிருந்து தொடங்குகின்றன. டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் காட்டிய ரேடியோ படகே பேட்டரியில் ஓடியதுதான். இத்தனை வருஷம் கழித்தும் ஆரம்பம் இப்படி இருப்பது கொஞ்சம் சங்கடம்.

வீடியோக்களில் நல்லதே இல்லையா என்றால் இருக்கிறது. தண்டுக் குழாயில் கிரீஸ் அடைப்பது, மோட்டாரையும் தண்டையும் நேர்கோட்டில் வைப்பது, தண்ணீர் புகாமல் மூடுவது எல்லாம் ரொம்ப அருமையாகச் சொல்லித்தருகிறார்கள். நானே அங்கேதான் கற்றேன். 300 ரூபாய் மீட்டரைத் தொடரில் இணைத்து, படகை வீட்டுத் தொட்டியில் கட்டி ஓட விட்டு, ஆம்பியரைக் காட்டும் ஒரு நிமிஷத்தை மட்டும் சேர்த்தால் போதும். கட்டி வைத்த படகு ஓடும் படகைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுக்கும், அது பாதுகாப்பான பக்கம்தான். சாதா மீட்டரில் 10 ஆம்பியர்தான் எல்லை, அதுவும் சில நொடிதான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

படகு இப்போது பழையபடி 7.4 வோல்ட்டில் ஓடுகிறது. புது இஎஸ்சி, பேட்டரிக்குப் பக்கத்தில் 10 ஆம்பியர் ஃப்யூஸ், கொடி சுற்றாமலிருக்க ப்ரொபெல்லரைச் சுற்றி ஒரு கம்பி வளையம், பின்பக்கம் 100 மீட்டர் தூண்டில் நரம்பு. ஃப்யூஸ் இதுவரை இரண்டு தடவை போயிருக்கிறது, இரண்டு தடவையும் நரம்பைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தோம். போன ஞாயிறு மதகுக்கு நேரே 2.1 மீட்டர் காட்டியது. கிழக்குக் கரையோரம் முக்கால் மீட்டர்கூட இல்லை.