அச்சமும் இழவும்: ‘மாலமாண்டர்’ என்னும் இளையோர் புதினம் பற்றிய ஓர் ஆய்வு

இளையோர்க்கென எழுதப்படும் அச்சக் கதைகளைக் குறித்து இருவகைக் கருத்து நிலவக் காண்கிறோம். அச்சம் இளநெஞ்சைக் கெடுக்கும் என்பர் ஒரு சாரார். அது வெறும் பொழுதுபோக்கு, ஆராயத் தக்க பொருளன்று என்பர் மற்றொரு சாரார். அச்சம் எவற்றினின்று பிறக்கிறது, படிப்பவரை எங்குக் கொண்டு சேர்க்கிறது என்று வினவாமையே இவ்விரு சாரார்க்கும் பொதுவான குறையாகும். அவ்வினாவை ஒரு நூலின்மேல் வைத்து விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொண்ட நூல், தாமஸ் டெய்லர் என்பார் ஆங்கிலத்தில் எழுதி 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாலமாண்டர்’ ஆகும். 1997-இல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் நூலுக்கு மேலட்டை ஓவியம் தீட்டியவரும் இவரே. 2023-இல் ‘மெர்மெடூசா’ என்னும் ஐந்தாம் நூலுடன் நிறைவுற்ற வரிசையின் முதல் நூல் இது. கதை நிகழும் இடம் கற்பனையான ஓர் ஆங்கிலக் கடற்கரையூர். கோடையில் மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘சீரி’ என்னும் சொல் அதன் பெயரில் நிற்கிறது. குளிர்காலப் புயல் பெயர்ப்பலகையின் முதலெழுத்துகளைப் பறித்துச் சென்றதும், இனம்புரியாத அச்சத்தைக் குறிக்கும் ‘ஈரி’ என்பது எஞ்சுகிறது. ஒரே ஊர் இரு முகம் காட்டும் இயல்பை ஆசிரியர் இப்பெயரிலேயே அமைத்துவிட்டார்.

அவ்வூரின் பெரிய விடுதியில், விருந்தினர் தொலைத்த பொருள்களைக் காத்து உரியவரிடம் சேர்ப்பிக்கும் பணியில் இருப்பவன் ஹெர்பர்ட் லெமன் என்னும் சிறுவன். கதையைக் கூறுபவனும் அவனே. வயலெட் பார்மா என்னும் சிறுமி, தன்னைத் துரத்தும் ஒருவனுக்கு அஞ்சி, அவனுடைய அறைக்குள் சாளரத்தின் வழியே புகுகிறாள். 12 ஆண்டுகளுக்கு முன்னர், அவள் கைக்குழவியாய் இருந்தபோது, அவள் பெற்றோர் அவ்விடுதியிலிருந்தே காணாமற் போயினர். அவர்களைக் கண்டுபிடித்துத் தருமாறு அவள் வேண்டுகிறாள். அத்தேடல் மாலமாண்டர் என்னும் கடல்விலங்கினிடமும், வேண்டியதை வேண்டியவாறு அளிக்கும் என்று பேசப்படும் அதன் முட்டையினிடமும் கொண்டு செல்கிறது.

அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறினார். தொல்காப்பியச் சார்பு இந்நூலுக்கு உண்டு என்பது நம் கருத்தன்று. அவ்வரையறை நமக்கு அளவுகோலாகப் பயன்படுகிறது என்பதே கருத்து. நான்கும் இந்நூலில் அமைந்திருத்தல் வியப்பிற்குரியது. கை இருக்க வேண்டிய இடத்தில் படகுக் கொக்கி உடையவனாய், மனிதனோ அல்லனோ என்று ஐயுற வைத்துத் தோன்றுபவன் அணங்கின் பாற்படுவான். மாலமாண்டர் விலங்கு. முட்டையைத் தனதாக்கிக்கொள்ளத் துடிக்கும் செபாஸ்டியன் ஈல்ஸ் கள்வன். வேலையினின்று நீக்கிவிடும் அதிகாரத்தால் சிறுவனை அடக்கி வைக்கும் விடுதி மேலாளர் மொலஸ்க், அவனளவில் இறை.

இந்நான்கனுள் எதனை மிகுதியும் அஞ்சுதற்குரியதாக ஆசிரியர் காட்டுகிறார் என்பது அடுத்து எழும் வினா. விலங்கு தன் இயல்பின்படி ஒழுகுகிறது. அதன் முட்டையைக் கவரச் சூழ்ச்சி செய்பவனோ ஊரறிந்த எழுத்தாளன். புகழ் வாய்ந்த மனிதனின் பேராசைக்குமுன் கடல்விலங்கின் கொடுமை சிறுத்துப்போகிறது. அணங்கையும் விலங்கையும் காட்டித் தொடங்கும் கதை, அஞ்சத்தக்கது யாது என்னும் ஆராய்ச்சியை இளையோரே மேற்கொள்ளுமாறு செய்கிறது. இஃது இளநெஞ்சைக் கெடுப்பதன்று, தெளிவிப்பது.

எனினும், நூலின் உயிர்நிலை அச்சம் அன்று என்பதே நம் துணிபு. வயலெட்டின் பெற்றோர் மறைந்தனர். ஹெர்பர்ட்டோ, எலுமிச்சம்பழப் பெட்டி ஒன்றில் கடலால் ஒதுக்கப்பட்டுக் கரை சேர்ந்தவன். லெமன் என்னும் பெயர் அதனால் வந்தது. தன் பிறப்பும் குடியும் அவன் அறியான். பிறர் தொலைத்தவற்றைப் பேணும் அவனே உரியவர் வந்து கேளாத பொருளாய் அவ்விடுதியில் கிடக்கிறான். தொல்காப்பியர் அழுகைக்குக் கூறிய களன்கள் நான்கனுள் இழவு ஒன்று. அவ்விழவே இந்நூலின் அடித்தளம். அச்சம் அதன்மேல் எழுந்த மாடம். கடற்கரை நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த மரபில் பயின்ற நமக்கு, கடலும் இழவும் ஒருங்கு நிற்றல் புதிதன்று. ஆயின் நெய்தலின் இரங்கல் காதலர் பிரிவு பற்றியது; இங்குள்ளது பெற்றோரை இழந்த மக்களின் துயர். ஆதலின் இதனை நெய்தல் என்று பெயரிட்டுவிடுதல் பொருந்தாது.

இழவினை அழுகையாக வளரவிடாமல் தேடலாக மாற்றியிருப்பதே ஆசிரியரின் திறம். ஹெர்பர்ட்டின் பேச்சிலுள்ள நகை அதற்குத் துணை நிற்கிறது. தன் அச்சத்தைத் தானே எள்ளிக்கொள்ளும் அச்சிறுவனின் வாயிலாகக் கேட்பதால், படிக்கும் சிறுவர் அஞ்சுதற்கு நாணுவதில்லை. அஞ்சியும் முன்செல்லக் கற்கின்றனர்.

குறையும் கூறாது விடுதல் நேர்மையன்று. மறைபொருள் நாடும் கதைக்கு ஓர் அறம் உண்டு: விடை, படிப்பவர் முன்னரே கண்ட குறிப்புகளினின்று கிளைத்தல் வேண்டும். மாயக்கதையோ இயலாததையும் நிகழ்த்தும் உரிமை உடையது. இவ்விரண்டையும் ஒரு நூலிற் கூட்டும்போது, பின்னது முன்னதை விழுங்கிவிடக் கூடும். வேண்டியதெல்லாம் ஒரு முட்டையால் கிடைக்குமாயின் துப்பு நாடுதல் எற்றுக்கு? முட்டையைப் பெறுதற்கு அரிதாக்கி இவ்விடரை ஆசிரியர் பெரும்பாலும் கடந்துவிட்டார். ஆயின் அவ்வூரின் புத்தக நிலையத்தில், பாதி குரங்கும் பாதி மீனுமான ஒரு பொறி, வருவோர்க்கு ஏற்ற நூலைத் தானே தேர்ந்து தருகிறது. படைப்பு இனியதே. ஆனால் அதன் வழிக் கிடைக்கும் குறிப்பு, சிறுவர் தம் அறிவால் ஈட்டியதன்று, பொறி ஈந்தது. அவ்வளவிற்கு மறைபொருட் கதையின் கட்டு நெகிழ்கிறது. முடிவு எத்தகையது என்பதை, இனிப் படிக்க இருப்போரின் இன்பம் கருதி, ஈண்டு உரையாது விடுக்கிறோம்.

மெய்ப்பாட்டியலுக்குப் பழம்பாடல்களையே சான்று காட்டிப் பயிற்றுகிறோம். சிறுவர் நூல்களை நீதி உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியால் அளந்து ஒதுக்குகிறோம். அச்சத்தின் களன்களை வகுத்துத் தந்த இலக்கண மரபினர்க்கு இவ்வொதுக்கம் தகாது. நல்ல அச்சக் கதை, இழந்ததைத் தேடும் துணிவைச் சிறுவர்க்கு அளிக்கிறது. தீயது, அஞ்ச வைத்து அங்கேயே நிறுத்திவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் கண்டு கூறுதல் திறனாய்வாளர் கடன். அவ்வகையில் ‘மாலமாண்டர்’, மேற்கூறிய நெகிழ்ச்சி இருப்பினும், நல்லனவற்றுள் வைத்து எண்ணத் தக்கதாகும்.