மாற்றுச் சுருதியில் கிட்டார் ப்ரோ 8: ஒரு மதிப்பீடு

கிட்டாரில் கடினமான தனியிசைத் துண்டு ஒன்றைக் கற்க முனைபவருக்கு மென்பொருள் எந்த அளவுக்குத் துணைநிற்கும் என்னும் கேள்வி, வழக்கமான சுருதியமைப்பைக் காட்டிலும் மாற்றுச் சுருதியமைப்பில்தான் கூர்மையாக எழுகிறது. ஆறு கம்பிகளையும், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, இ, ஏ, டி, ஜி, பி, இ என்னும் சுரங்களுக்குக் கூட்டுவது வழக்கமான முறை. அவற்றுள் சிலவற்றையோ அனைத்தையுமோ வேறு சுரங்களுக்கு ஏற்றியோ இறக்கியோ வாசிப்பது மாற்றுச் சுருதியமைப்பு எனப்படும். அவ்வாறு மாற்றியவுடன், பல ஆண்டுப் பயிற்சியால் விரல்களில் படிந்திருக்கும் இட அறிவின் பெரும்பகுதி செல்லாக்காசாகிவிடுவதால், எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒன்று கற்பவருக்குத் தேவைப்படுகிறது. பிரான்சின் லில் நகரைச் சேர்ந்த அரோபாஸ் மியூசிக் நிறுவனம் 1997 முதல் வெளியிட்டுவரும் கிட்டார் ப்ரோ, இத்தேவையை நெடுங்காலமாக நிறைவேற்றிவரும் மென்பொருள்களுள் முதன்மையானது. 2022இல் வெளிவந்த அதன் எட்டாம் பதிப்பே இங்கு மதிப்பிடப்படுகிறது.

உரைகல்லாக எடுத்துக்கொள்ளப்பட்டது அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் ஹெட்ஜஸின் (1953–1997) ‘ஏரியல் பவுண்டரீஸ்’. பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் இசையாக்கம் பயின்ற ஹெட்ஜஸ், விண்டம் ஹில் நிறுவனத்தின் வழியாக 1984இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்புத் துண்டு அது. ஒரே கிட்டாரில் ஒருவரே வாசித்ததுதான் என்றபோதும், இரண்டு மூன்று கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பதாக முதன்முறை கேட்பவர் மயங்குவது இயல்பு. இடக்கை, கம்பியை மீட்டாமல் விரல்நுனியால் ஓங்கி அழுத்தியே ஒலி எழுப்பும் ஹாமர்-ஆன் முறையிலும், அழுத்திய விரலைப் பக்கவாட்டில் சுண்டி விடுவிக்கும் புல்-ஆஃப் முறையிலும் அடிச்சுரங்களை ஓடவிட, வலக்கை அதே வேளையில் கழுத்தின் மீதே தட்டியும் மீட்டியும் மேல்வரிசை இசையை எழுப்புவது அம்மயக்கத்துக்குக் காரணம்.

அதன் சுருதியமைப்பு சி, சி, டி, ஜி, ஏ, டி. எல்லாவற்றிலும் தடித்ததான ஆறாம் கம்பி நான்கு அரைச்சுரங்கள் இறங்குகிறது. ஐந்தாம் கம்பி மூன்று அரைச்சுரங்கள் ஏறி, ஆறாம் கம்பிக்கு ஒரு ஸ்தாயி மேலே நிற்கிறது. நான்காவதும் மூன்றாவதும் இருந்த இடத்திலேயே இருக்க, இரண்டாவதும் முதலாவதும் இரண்டிரண்டு அரைச்சுரங்கள் இறங்குகின்றன. சி என்னும் சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால், விரல் வைக்காத வெறுங்கம்பிகளில் ஸ, ரி, ப, த ஆகியவை கிடைக்கின்றன என்பதும், மோகன ராகத்தின் ஐந்து சுரங்களுள் காந்தாரம் மட்டுமே விடுபட்டிருக்கிறது என்பதும் கர்நாடக இசைப் பழக்கமுள்ளவருக்கு உடனே புலப்படும். மேலைநாட்டு இசையில் ஒரு சுரக்கூட்டு மேஜரா மைனரா என்று தீர்மானிப்பது காந்தாரமே ஆதலால், அது இல்லாத இக்கம்பிகள் எந்தப் பக்கமும் சாயாமல் ஒலிக்கின்றன. அத்துண்டின் விரிந்த, எல்லை தெரியாத ஒலிக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இச்சுருதியமைப்பை மென்பொருளில் உருவாக்குவது மிக எளிது. ஒவ்வொரு கம்பிக்கும் உரிய சுரத்தைத் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் போதும். திரையில் தெரியும் கிட்டார்க் கழுத்தும், சுரக்கூட்டு அகராதியும், சுரவரிசை காட்டும் கருவியும் புதிய அமைப்புக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. இந்த எளிமையே புதியவரை ஏமாற்றக்கூடியது. ஒரு கம்பியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், ஐந்தாம் கம்பியை 110 ஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸுக்கு ஏற்றும்போது அதன் இழுவிசை சுமார் 41 விழுக்காடு உயர்கிறது. 82 ஹெர்ட்ஸிலிருந்து 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கும் ஆறாம் கம்பியோ தன் இழுவிசையில் சுமார் 37 விழுக்காட்டை இழந்து, ஃப்ரெட்டுகளின் மேல், அதாவது வீணையின் மெட்டுகளுக்கு நிகரான குறுக்குக் கம்பிகளின் மேல், அதிரத் தொடங்குகிறது. ஐந்தாம் கம்பியாக வழக்கமாகப் பூட்டப்படும் 0.042 அங்குலக் கம்பியை அப்படியே முறுக்குவதைவிட, ஐந்தாம் இடத்தில் மெல்லிய கம்பியையும் ஆறாம் இடத்தில் தடித்த கம்பியையும் பூட்டிக்கொள்வதே பாதுகாப்பானது. திரையில் சுரத்தை மாற்றும்போது இதைப் பற்றிய எச்சரிக்கை ஏதும் வருவதில்லை. மேலும், ஒரு கம்பியின் இழுவிசை மாறும்போது கழுத்தின் வளைவும் நுட்பமாக மாறி மற்றக் கம்பிகளின் சுருதியை நகர்த்துவதால், ஆறையும் ஒரு சுற்று கூட்டியபின் மறுபடியும் தொடக்கத்திலிருந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு, பன்னிரண்டு அரைச்சுரங்களையும் அறியும் குரோமாட்டிக் வகைச் சுருதிமானியே உதவும். வழக்கமான ஆறு சுரங்களை மட்டும் எதிர்பார்க்கும் மலிவான செயலிகள் இங்கே பயன்படா.

மாற்றுச் சுருதிக்கு டேப்லேச்சர் என்னும் குறியீட்டு முறை மற்றெதைக் காட்டிலும் பொருந்துவது, இம்மென்பொருளுக்குச் சாதகமான செய்தி. சுரத்தை எழுதாமல், எந்தக் கம்பியில் எத்தனையாவது ஃப்ரெட்டில் விரல் வைப்பது என்பதை மட்டும் ஆறு கோடுகளின் மேல் எண்களால் எழுதுவது டேப்லேச்சர். ஐந்து கோட்டு மேலைநாட்டுச் சுரக்குறிப்பைத் தடையின்றிப் படிக்க வல்லவர்கூட, சி-சி-டி-ஜி-ஏ-டி அமைப்பில் ஒரு சுரத்தைக் கண்டவுடன் அதன் இடத்தை விரலால் தேடத்தான் வேண்டும். இச்சிக்கல் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் இசையமைப்பாளர் ஹைன்ரிக் பீபர் தம் ‘ரோசரி சொனாட்டா’க்களில் வயலினின் கம்பிகளைப் பலவாறு மாற்றிக் கூட்டச் செய்தபோது, காதில் விழும் சுரத்தை விடுத்து விரல் செல்லும் இடத்தையே குறிக்கும் வகையில் இசையை எழுதினார். லூட் என்னும் ஐரோப்பிய மீட்டுக்கருவியை வாசிப்போர் அதற்கு முன்பே டேப்லேச்சரைப் பயன்படுத்திவந்தனர். கிட்டார் ப்ரோ இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டுகிறது: மேலே ஒலிக்கும் சுரம், கீழே விரலின் இடம். பயிற்சியின் தொடக்க நாட்களில் மேல்வரியை மறைத்துவிடலாம் என்று தோன்றினாலும், அதைத் திரையில் விட்டுவைப்பதே நல்லது. கீழ்வரியை மட்டும் பார்த்துப் பழகியவர் எண்களை மனப்பாடம் செய்துகொள்வாரே அன்றி, இரண்டாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இப்போது ஒலிப்பது சி என்பதை அறியமாட்டார். கோப்பில் ஏற்கெனவே இசை எழுதப்பட்ட பிறகு சுருதியமைப்பை மாற்றினால், விரலிடங்களை நிலைநிறுத்துவதா சுரங்களை நிலைநிறுத்துவதா என்னும் தெரிவைக் கவனித்துக்கொள்வது அவசியம். தவறான தெரிவு முழுத் துண்டையும் வாசிக்க இயலாத எண்களின் குவியலாக்கிவிடும்.

பயிற்சிக்கான வசதிகளுள் மிகவும் விளம்பரம் பெற்றது வேகப் பயிற்சி. சில அளவைகளை, அதாவது தாளக் கணக்கால் பிரித்த இசைப் பகுதிகளை, தேர்ந்து, அவை ஐம்பது விழுக்காட்டு வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாக ஏறி முழு வேகத்தை அடையுமாறு அமைத்துவிட்டால், மென்பொருள் சலிக்காமல் அவற்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. இது பெரும்பாலான கிட்டார் இசைக்கு நன்றாகவே பயன்படுகிறது. ஹெட்ஜஸின் துண்டிலோ இரண்டு தடைகள் குறுக்கிடுகின்றன. முதலாவது, ஹாமர்-ஆன் முறையில் ஒலியின் அளவு விரல் கம்பியை மோதும் வேகத்தைப் பொறுத்தது. தாளத்தைப் பாதியாகக் குறைத்தாலும் அம்மோதலைப் பாதியாக்க இயலாது, ஆக்கினால் ஒலியே எழாது. ஆகவே மெதுவாகப் பயில்பவர், நீண்ட காத்திருப்பும் அதனிடையே மின்னல்வேக அசைவும் கொண்ட, இயல்புக்கு மாறான ஓர் உடலசைவைப் பயில நேர்கிறது. இரண்டாவது, தாளம் மெதுவாகும்போது கம்பியின் அதிர்வு தேயும் காலம் நீளுவதில்லை. முழு வேகத்தில் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்க வேண்டிய அடிச்சுரங்கள், மெதுவான தாளத்தில் இடையே அறுந்துபோய்விடுகின்றன. அவ்விடைவெளியை நிரப்பும் எண்ணத்தில் கற்பவர் மேலும் ஓங்கி அடிக்கப் பழகிவிட்டால், பின்னர் வேகம் கூடும்போது அடிச்சுரம் மேல்வரிசையை விழுங்கிவிடும். எழுபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல், அளவையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டு, நான்கைந்து சுரங்களை மட்டும் ஏறத்தாழ உண்மையான வேகத்தில் பயில்வதே இத்துண்டுக்கு ஏற்ற வழியாகத் தெரிகிறது. குறிப்பிட்ட அளவைகளை மட்டும் சுழலவிடும் வசதி அதற்கு முழுமையாக ஒத்துழைக்கிறது. வேகம் தானாக ஏறும் வசதியை அணைத்துவைப்பதே நலம்.

எட்டாம் பதிப்பில் புதிதாகச் சேர்ந்தவற்றுள் பயன்மிக்கது ஒலித்தடம். கற்பவர் தம்மிடமுள்ள ஒலிப்பதிவைக் கோப்புக்குள் கொண்டுவந்து, அளவைகளோடு அதைப் பொருத்தி, எழுதிய குறிப்பு ஓட ஓட உண்மையான வாசிப்பைக் கேட்க இப்போது முடிகிறது. மனித வாசிப்பு கடிகாரத்தின் சீரான ஓட்டத்திலிருந்து சற்றே முந்தியும் பிந்தியும் செல்வதால், பொருத்தும் புள்ளிகளைப் பொறுமையாக இட வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பே கேட்கும் பயிற்சியாகவும் அமைந்துவிடுவதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. மென்பொருள் தானே உருவாக்கும் கிட்டார் ஒலி, முந்தைய பதிப்புகளைவிட மேம்பட்டிருந்தாலும், இத்தகைய இசைக்குப் போதாது. கழுத்தில் தட்டி எழுப்பிய சுரத்துக்கும் மீட்டி எழுப்பிய சுரத்துக்கும் உள்ள வேறுபாடும், தளர்ந்த ஆறாம் கம்பியின் தொடக்கத்தில் சுருதி சற்று மேலேறி இறங்கும் அசைவும், கம்பிகள் ஒன்றையொன்று தூண்டி அதிரும் முழக்கமும் அதில் கேட்பதில்லை. ஒலித்தடம் வந்த பிறகு செயற்கை ஒலியை அறவே அணைத்துவிட்டுப் பழகுவதற்கு வழி பிறந்திருக்கிறது.

கோப்புகளின் தரம் தனியே கவனிக்கத்தக்கது. பயனர்கள் தாமாகக் கேட்டு எழுதிப் பகிரும் கோப்புகளில் விரலிடங்கள் பெரும்பாலும் ஊகமே. ஒரே சுரத்தை மூன்று கம்பிகளில் எடுக்க இயலும்போது, ஹெட்ஜஸ் எதில் எடுத்தார் என்பதை மேடை ஒளிப்பதிவுகளைப் பார்த்து உறுதிசெய்வது நல்லது. சுரத்தின் நீளத்திலும் இதே குறை உண்டு. அவருடைய இசையை ஜான் ஸ்ட்ரோப்ஸின் துணையோடு எழுத்தில் பதிவுசெய்த ‘ரிதம், சொனாரிட்டி, சைலன்ஸ்’ என்னும் நூலின் தலைப்பில் தாளத்தோடும் ஒலிவண்ணத்தோடும் மௌனமும் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. ஒரு சுரத்தைத் தொடங்குவதில் காட்டிய அதே கவனத்தை அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதிலும் ஹெட்ஜஸ் காட்டினார். ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியை, அடுத்த சுரக்கூட்டுக்கு ஒவ்வாதபோது, ஓய்ந்திருக்கும் விரலொன்றால் தொட்டு அடக்குவது அவர் வாசிப்பின் பிரிக்க முடியாத பகுதி. பயனர் கோப்புகளோ, எல்லாச் சுரங்களின் மேலும் ‘தொடர்ந்து ஒலிக்கவிடுக’ என்னும் ஒரே குறியை நீட்டி இழுத்துவிட்டு அமைதியடைகின்றன.

இக்குறையை நீக்கும் வழி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வோர் அளவையிலும் நான்கு குரல்கள் வரை, அதாவது இணையாக ஓடும் இசைவரிகள் வரை, தனித்தனியே எழுத அது இடமளிப்பதால், அடிச்சுரங்களை ஒரு குரலிலும், தட்டி எழுப்பும் சுரங்களை இன்னொன்றிலும், மேல்வரிசையை மூன்றாவதிலும் பிரித்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் ஒலிப்பதிவைக் கேட்டு நிர்ணயித்து, அடக்கும் இடங்களில் ஓய்வுக்குறி இடலாம். பதிவிறக்கிய கோப்பை இவ்வாறு திருத்தி எழுதுவதற்கு, அதைப் பார்த்து வாசிக்கப் பழகுவதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். ஒருமுறை விலைகொடுத்தால் விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும் இம்மென்பொருளுக்குச் செலவிடும் பணம் அத்தகைய திருத்த வேலைக்கே தகும். ஆயத்தக் கோப்புகளைத் திறந்து பார்ப்பது மட்டுமே நோக்கமானால், பழைய கிட்டார் ப்ரோ கோப்புகளைத் திறக்கும் இலவச மென்பொருளான டக்ஸ்கிட்டாரே போதுமானது.