ஆறு விலங்குகளும் ஒரு மதிப்பீடும்: கார்தேனா மரப்பொம்மைத் தொழில் குறித்த அமீலியா எட்வர்ட்ஸின் பதிவு

முன்னுரை

கைவினைஞரின் வரலாறு பெரும்பாலும் கைவினைஞரால் எழுதப்படுவதில்லை. வணிகரின் கணக்கு, அரசின் ஆணை, பயணியின் குறிப்பு ஆகியவற்றின் வழியாகவே அது பின்வருவோர்க்குக் கிடைக்கிறது. ஆதலின் அத்தகைய எழுத்துகளில் தகவலையும் மதிப்பீட்டையும் பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது. ஆங்கில எழுத்தாளர் அமீலியா எட்வர்ட்ஸ் (1831–1892), 1872இல் டோலமைட் மலைப்பகுதியில் மேற்கொண்ட பயணத்தை மறு ஆண்டு நூலாக வெளியிட்டார். அதில் கார்தேனாப் பள்ளத்தாக்கின் மரப்பொம்மைத் தொழில் பற்றி அமைந்த பகுதி குறிப்பிடத்தக்க சான்றாகும். அச்சான்றின் வலிமையையும் அதனுள் பொதிந்துள்ள மதிப்பீட்டின் குறைபாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பள்ளத்தாக்கும் தொழிலும்

இன்று வட இத்தாலியின் தென் டிரோல் பகுதியில் அடங்கும் கார்தேனா, எட்வர்ட்ஸ் சென்றபோது ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி அது இத்தாலிக்கு உரியதாயிற்று. அம்மக்களின் தாய்மொழி, இலத்தீனிலிருந்து கிளைத்த லடின் மொழியாகும். உழுநிலம் குறைவாகவும் பனிக்காலம் நீண்டதாகவும் உள்ள அம்மலையில், உயர்ந்த சரிவுகளில் வளரும் செம்பிரா பைன் மரம் உளிக்கு இணங்கும் மென்மை உடையது. 17ஆம் நூற்றாண்டில் அங்கு வேரூன்றிய செதுக்கு வேலை, திருவுருவங்கள், பொம்மைகள் என இரு கிளைகளாக வளர்ந்தது. தொடக்கத்தில் பொருள்களை முதுகிற் சுமந்து மலை கடந்து விற்றனர். பின்னர் அவ்வூர் வணிகருள் சிலர் இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டு நகரங்களில் குடியேறி வாணிகம் நடத்தினர்.

மர ஆணிகளால் மூட்டுகள் இணைக்கப்பட்ட பொம்மை இத்தொழிலின் புகழ்பெற்ற விளைபொருள். இங்கிலாந்தில் இவ்வகைப் பொம்மை 'டச்சுப் பொம்மை' என வழங்கியது. அது செய்யப்பட்ட மலைநாட்டின் பெயர் அவ்வழக்கில் இடம்பெறவில்லை. விக்டோரியா அரசி தம் இளமைக்காலத்தில் வைத்திருந்த 132 மரப்பொம்மைகள் இவ்வகையைச் சார்ந்தவை. 1830களின் தொடக்கத்திலேயே, அரண்மனை வரை இவ்வகைப் பொம்மைகள் எட்டியிருந்தன. 1867இல் பிரென்னர் கணவாய் வழியாக இருப்புப்பாதையும் அமைந்தது. எனினும் எட்வர்ட்ஸின் நூல் தலைப்பு, தாம் கண்ட சிகரங்களைக் கால்படாதவை என்றும் பள்ளத்தாக்குகளை எவரும் நாடாதவை என்றும் அறிவிக்கிறது. இலண்டன் கடைத்தெருப் பொம்மைகளின் தாயகம் இதுவே என்பதை அறிந்த ஒருவரின் நூலுக்கு இத்தலைப்பு அமைந்திருப்பது நோக்கத்தக்கது. பயணியர் செல்லாத ஊர், உலகம் அறியாத ஊராகிவிடாது.

எட்வர்ட்ஸ் கண்ட மூதாட்டி

பள்ளத்தாக்கின் ஒரு வீட்டில் எட்வர்ட்ஸ் முதிய பெண் ஒருவரைக் காண்கிறார். அவர் பூனை, நாய், ஓநாய், செம்மறி, வெள்ளாடு, யானை ஆகிய ஆறு விலங்குகளை மட்டுமே வாழ்நாள் முழுதும் செதுக்குபவர். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் உருவங்களை உருவாக்குபவர். முன்மாதிரியோ வரைபடமோ அவரிடம் இல்லை. பாட்டியிடமிருந்து தாயும், தாயிடமிருந்து அவரும் பயின்ற இக்கலையைத் தம் பேத்திக்கும் கற்பித்துள்ளார். அம்மூதாட்டியின் பெயரையும் எட்வர்ட்ஸ் பதிவு செய்துள்ளார் என்பது அந்நூலுக்குப் பெருமை சேர்ப்பதாகும். ஆனால் உருவங்களின் இயற்கைப் பொருத்தத்தை ஒப்புக்கொள்ளும் அவர், வேலை முற்றிலும் இயந்திரத்தன்மை உடையது எனக் கூறி அதனைத் திறமை என ஏற்க மறுக்கிறார்.

மதிப்பீட்டின் குறைபாடு

இம்முடிவை எட்வர்ட்ஸ் தரும் தகவல்களே மறுக்கின்றன. ஆண்டுக்கு ஆயிரம் என்பது, முந்நூறு வேலைநாள் எனக் கொண்டால், நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு உருவங்களே ஆகும். இஃது இயந்திரத்தின் வேகமன்று. மேலும் பிற்காலத்தில் இப்பள்ளத்தாக்கிற்கு வந்த செதுக்கு இயந்திரம், ஒரு மூல உருவைத் தொடர்ந்து சென்று ஒரே நேரத்தில் பல படிகளை வெட்டுவது. மூல உரு இன்றி அது இயங்காது. மூதாட்டிக்கோ மூல உரு நினைவிலும் கையிலும் இருந்தது.

திரும்பக் கூறலைக் குறையாகக் காணும் நோக்கு இலக்கியத்திலும் இருந்ததே. மில்மன் பாரியின் ஆய்வுக்குப் பின், வாய்மொழிப் பாடலில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் பாணனின் வறுமையன்று, அவனது கருவி என்பது தெளிவாயிற்று. க. கைலாசபதி அந்நெறியைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி 1968இல் நூல் வெளியிட்டார். ஏட்டின் துணையின்றித் தலைமுறை வழி வரும் உருவங்களையும் அவ்வாறே அணுகலாம். எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. பாணன் தொடர்களை மாற்றிக் கோத்துப் புதிய பாடல் பாடுவான். மூதாட்டியின் ஆறு விலங்குகள் ஆறாகவே நின்றன.

அவை ஆறாகவே நின்றமைக்குக் காரணத்தை அவரது கையில் தேடுவது பொருந்தாது. யானை ஆல்ப்ஸ் மலையின் விலங்கன்று. வாங்குவோரின் விருப்பமே அதனை அவ்வீட்டிற்குக் கொணர்ந்தது எனலாம். வணிகரின் கிடங்கில் பொம்மைகள் குவிந்திருப்பதையும் எட்வர்ட்ஸ் விரிவாக வருணிக்கிறார். ஆனால் இயந்திரத்தன்மை என்னும் சொல் செதுக்கும் கையைச் சுட்டுகிறதேயன்றி, ஒரே உருவை ஆயிரக்கணக்கில் கேட்கும் கொள்முதலைச் சுட்டவில்லை. வாணிகத்தின் இயல்பு உழைப்பவரின் இயல்பாக இங்கு இடம் மாறிவிடுகிறது. இதே எட்வர்ட்ஸ் பின்னர் எகிப்தின் தொல்பொருள்களைக் காக்க 1882இல் ஓர் அமைப்பை நிறுவுவதில் முன்னின்றார். வகுத்த அளவுகளைத் தலைமுறைதோறும் பின்பற்றியதே எகிப்தியச் சிற்பமரபு. அரசர்க்கும் கோயிலுக்கும் செய்யப்பட்டபோது மரபெனப் போற்றப்படுவது, சிறார்க்குச் செய்யப்பட்டபோது இயந்திரத்தன்மை எனத் தாழ்கிறது.

முடிவுரை

இக்கலை தலைமுறைதோறும் தொடரும் என எட்வர்ட்ஸ் எதிர்பார்த்தார். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் கைச்செதுக்குப் பொம்மைத் தொழில் நலிந்தது. திருவுருவச் சிற்பமே பள்ளத்தாக்கின் அடையாளமாயிற்று. பழைய பொம்மைகள் ஓர்த்திசேய் நகர அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. செய்தவர் யார், எங்ஙனம் பயின்றார், எத்தனை செய்தார் என்பவற்றை அப்பொம்மைகள் தாமே உரைப்பதில்லை. அவற்றை எட்வர்ட்ஸின் பதிவு உரைக்கிறது. ஆகவே அவர் தரும் தகவலை ஏற்று, தீர்ப்பை மறு ஆய்வுக்கு உட்படுத்துவதே அந்நூலையும் அம்மூதாட்டியையும் ஒருங்கே மதிக்கும் முறையாகும்.