இரண்டரை ரூபாய் நோட்டு தேறுமா?

ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்குபவர்களுக்கும் பெட்டி ஒட்டுபவர்களுக்கும் கூலி, செய்த எண்ணிக்கைக்குத்தான். அந்தக் கணக்கு முழு ரூபாயில் வந்து நிற்காது. நெருக்கடியில் அரசு அவசரமாக அச்சடிக்கும் நோட்டை எடைபோட இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை: அந்தத் தாளை வைத்துக் கூலிப் பட்டுவாடா நடக்குமா?

முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியது. ரூபாய் நாணயத்தை மக்கள் பதுக்கினார்கள். அதுவரை ஐந்து ரூபாய்தான் மிகச் சிறிய நோட்டு. 1917 நவம்பர் 30இல் ஒரு ரூபாய் நோட்டும், 1918 தொடக்கத்தில் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வந்தன.

ஒரு ரூபாய் நோட்டில் குறை சொல்ல அதிகமில்லை. நாணயம் செய்த வேலையை அது அப்படியே செய்தது. இரண்டரை ரூபாய் நோட்டு அப்படியல்ல. பத்தில் கால், ஐந்தில் பாதி என்பது கருவூலக் கணக்குக்குப் பொருந்தும். சந்தையில் இரண்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கி இதை நீட்டினால், கடைக்காரர் எட்டணா திருப்பித் தர வேண்டும். மூன்று ரூபாய் கொடுப்பதானால் நாம் எட்டணா சேர்க்க வேண்டும். அந்த எட்டணாவும் அப்போது வெள்ளி! நிக்கல் எட்டணா 1919இல்தான் வந்தது. வெள்ளியை மிச்சம்பிடிக்க வந்த நோட்டே வெள்ளியைக் கேட்டது. இரண்டைச் சேர்த்தால் ஐந்து என்பார்கள்; ஐந்துக்குத்தான் ஏற்கெனவே நோட்டு இருந்ததே.

1926இல் ஒரு ரூபாய், இரண்டரை ரூபாய் நோட்டுகள் இரண்டையுமே நிறுத்தினார்கள். ஆகவே நிறுத்தியதை மட்டும் சான்றாகக் காட்ட மாட்டேன். அடுத்த போர்தான் சான்று. 1940இல் ஒரு ரூபாய் நோட்டு திரும்பியது, 1943இல் இரண்டு ரூபாய் நோட்டு வந்தது. இரண்டரையை யாரும் கூப்பிடவில்லை.

அதே போர்க்காலத்தில் இலங்கை செய்ததைப் பாருங்கள். 1942 ஜூன் தேதியிட்ட ஐந்து சத நோட்டின் நடுவே தபால்தலைபோல் துளைவரிசை. கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம். சில்லறையைத் தேடி அலைய வேண்டாம், சில்லறை அந்தத் தாளுக்குள்ளேயே இருந்தது. சின்னத் தாள் சீக்கிரம் நைந்துபோகும்தான். ஆனாலும் கூலிக்காரியின் கணக்கை நினைத்துப் பார்த்த வடிவம் அது.

2016 நவம்பரில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டை முன்னால் விட்டவர்கள் அந்தக் கூலிக் கணக்கை நினைக்கவில்லை. போர் இல்லை, தவறு பழையதுதான்: மாற்றப் போதிய கீழ்நோட்டு இல்லாத பெரிய தாள். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்திலிருந்து விலக்குவதாக அறிவித்தது.

சேகரிப்பாளர்கள் இரண்டரை ரூபாய் நோட்டைப் போற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. பணமாக அது தோற்றது. என் தீர்ப்பு இலங்கையின் ஐந்து சதத்துக்கே.