கண் மூடும் பூனை

சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் கருப்பி வந்து உட்காருவாள். கருமாரியம்மனின் ஊரான திருவேற்காட்டில் கரிய பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவளைப் பார்க்கப் பார்க்க, ‘மதில்மேல் பூனை’ என்று நாம் சொல்வதில் ஒரு கோளாறு இருப்பது தெரிந்தது. எந்தப் பக்கம் குதிப்போம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதது பார்ப்பவனுக்கு, பழி பூனைக்கு.

குதிக்கப்போகும் திசையை அவள் மறைப்பதும் இல்லை. முதலில் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பும். பிறகு மீசை முன்னுக்கு விரியும். பின்தொடை இரண்டு முறை லேசாக அசைந்து பிடிமானம் பார்த்துக்கொள்ளும். அதன்பிறகுதான் பாய்ச்சல். அரைச்செங்கல் சுவரில் நடக்கும்போது இன்னொரு நேர்த்தி: முன்கால் எடுத்த இடத்திலேயே பின்காலை வைப்பாள். வாசலில் பூசிய ஈரச் சிமென்ட்டில் ஒருமுறை நடந்து போனாள். நாலு காலில் நடந்தவள் இரண்டு கால் தடம்தான் விட்டுப் போயிருந்தாள். சத்தமில்லாமல் நடப்பதன் சூட்சுமம் அந்தச் சிமென்ட்டில் இன்னும் இருக்கிறது.

நான் வேலை முடிந்து கேட்டைத் திறந்தால் வால் செங்குத்தாக எழும். நுனி மட்டும் வளைந்திருக்கும், வேப்பிலை பறிக்கிற துறட்டிக்கோல் மாதிரி. குட்டிகள் தாயை எதிர்கொள்ளும் விதம் அது. வளர்ந்த பிறகு நட்புள்ள பூனைக்கும் மனிதருக்கும் அதே மரியாதை. 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி டார்வின் எழுதிய நூலில் இந்த நிமிர்ந்த வால் இடம்பெற்றிருக்கிறது. கோபத்தில் பதுங்கி வாலைப் பக்கவாட்டில் வீசும் பூனைக்கு நேர் எதிரான கோலம் என்று இதை அவர் எடுத்துக்காட்டினார். நாய் பழகிய வீடுகளில் இங்கேதான் தப்பு நடக்கும். நாய் வாலாட்டினால் பிரியம். பூனை வாலைப் படார் படாரென்று தரையில் அடித்தால், ‘தடவியது போதும், கையை எடு’ என்று பொருள். எடுக்காத விருந்தாளிகள் டெட்டால் கேட்பார்கள்.

வால் பேசுவது தூரத்துக்கு. காது பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கு. ஆடி ஞாயிறுகளில் எங்கள் ஊர் தூங்காது. பம்பை, உடுக்கை, ஒலிபெருக்கி, இடையில் வெடி. கருப்பி கட்டிலுக்கடியில் போய்விடுவாள். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; பூனைக் காது 60,000-ஐத் தாண்டும். அந்தக் காதுக்கு நம் திருவிழா எப்படி இருக்கும்! இரண்டு காதும் ஓட்டுக்கூரை போலப் பக்கவாட்டில் சரிந்து, கருமணி கண் முழுக்க விரிந்திருக்கும். போன வருஷம் அப்படி ஒடுங்கிக் கிடந்தபோது அடுக்களையில் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தார்கள். இடது காது சரிந்தபடியே இருந்தது. வலது காது மட்டும் மெல்ல நிமிர்ந்து அடுக்களைப் பக்கம் திரும்பியது. ஒரு காதில் பயம், ஒரு காதில் பால்.

பங்குனியில் அவள் மூன்று குட்டி போட்டாள். ‘குட்டி போட்ட பூனை மாதிரி’ என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கியது: பரண், மாடிப்படி, பீரோவின் பின்பக்கம் என்று ஓயாத இடமாற்றம். ஆனால் பார்க்கவேண்டியது குட்டியைத்தான். தாய் பிடரியைக் கவ்வியதும் அதுவரை துள்ளிய உடம்பு துணிபோலத் துவளும், பின்கால் மடங்கும், வால் வயிற்றோடு சுருளும். சரணாகதிக்கு உவமையாக, தாய்க் குரங்கை இறுகப் பற்றும் குட்டியை வைணவத்தில் வடகலையார் காட்டினார்கள், அது மர்க்கட நியாயம். எதையும் பற்றாமல் தன்னை ஒப்படைக்கும் பூனைக்குட்டியைத் தென்கலையார் காட்டினார்கள், இது மார்ஜார நியாயம். சரணாகதி பற்றிய பெரிய விவாதத்துக்கு முன்னால், யாரோ ஒருவர் பூனை குட்டியைத் தூக்கிப்போவதை நின்று பார்த்திருக்கிறார்.

அந்தப் பொறுமை நம் பழமொழிக்கு இல்லாமல் போய்விட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். சுவர்மேல் இருந்து கருப்பி என்னைப் பார்ப்பாள். இமை பாதி இறங்கும், ஒரு கோடாகும், மூடும், சற்றுத் தங்கித் திறக்கும். அவசரமே இல்லாத இமைப்பு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ப்பவர் மெதுவாகக் கண்சிமிட்டினால் பூனையும் கண்ணைச் சுருக்கிப் பதில் தருகிறது. அப்படிச் சிமிட்டிய அந்நியரின் நீட்டிய கையை நோக்கியும் கூடுதலாக நெருங்கி வருகிறது. பகையை எதிர்பார்க்கும் பிராணி கண்ணை மூடாது. விறைத்துப் பார்ப்பது பூனைகளுக்குள் மிரட்டல். அப்படியிருக்க ஒருவர் எதிரில் இமையை இறக்குவதென்றால், அவர் இருக்கும்போது காவல் வேண்டாம் என்று அது முடிவு செய்துவிட்டது.

நானும் பதிலுக்கு மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பேன். நேற்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி கேட்டாள், “என்னங்க, உக்காந்தபடியே தூக்கமா?”

“இல்ல, பேசிக்கிட்டிருக்கோம்.”

அவள் சுவரைப் பார்த்தாள். கருப்பியின் ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது, கண் திறக்கவில்லை.